சுத்தியல் பட்ட தையல்

சுத்தியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கால் கிலோகூட இருக்காது. முகம் வட்டமாக, வழவழவென்று இருக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் அதை என் கையில் கொடுத்தார்கள். ஷூவின் மேல்தோலைத் தைத்து முடித்ததும் தையலைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிப் படிய வைக்க வேண்டும். தட்டாத தையல் புடைத்து நிற்கும், போடுகிறவர் காலைக் கடிக்கும். "தட்டாத பீஸு என் கைக்கு வந்துச்சு, திருப்பி உன் மூஞ்சிலயே வீசுவேன்" என்பார் எங்கள் லைன் சூப்பர்வைசர். பதினைந்து வருஷம் தட்டினேன். இந்தப் பாலாற்றோரம் ஷூ வேலை பார்க்கிற எந்தப் பெண்ணிடமும் தைத்த துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அவள் கை தானாகச் சுத்தியலைத் தேடும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கைப்பழக்கம்தான் காரணம் என்று பழியை அதன் மேல் போட்டுவிட்டால் எனக்கும் நிம்மதி, எங்கள் முதலாளிக்கும் நிம்மதி. அவருக்கு அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மியாகி ஆட்களைக் குறைத்தபோது நானும் என் அண்ணியும் ஒன்றாக வெளியே வந்தோம். அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. விரிஞ்சிபுரத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஹைவே ஓரமாக ஒரு ஷெட்டில் தையல்காரிகள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். அங்கே தோலும் இல்லை, ஷூவும் இல்லை. மிஷின் மட்டும் நமக்குத் தெரிந்த மிஷின். தைப்பது ஜாக்கெட். தெருவில் கேட்டவர்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன் என்று சொல்லப் போக, நாலு பேர் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார்கள். "இது குழாய்க்குப் போடற ஜாக்கெட்டுமா" என்றால் யாரும் நம்பவில்லை.

வடக்கே எங்கேயோ எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. அங்கே பூமிக்குள் இருக்கிற எண்ணெய், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடக்குமாம். பம்பு போட்டாலும் வராது. அதனால் பெரிய பாய்லரில் நீராவி தயார் பண்ணி, குழாய் வழியாகக் கொண்டுபோய், கிணற்றுக்குள் அடித்து இறக்குவார்கள். உள்ளே போன சூட்டில் எண்ணெய் இளகும், பிறகு மேலே இழுப்பார்கள். ஆனால் பாய்லர் ஒரு இடத்தில், கிணறு ஒரு இடத்தில். நடுவில் குழாய் நெடுக சூடு கசிந்துகொண்டே போனால், நீராவியாகப் போய்ச் சேர வேண்டியது பாதி வெந்நீராகப் போய்ச் சேரும். வெந்நீருக்கு அந்த எண்ணெய் மசியாது. நேராக ஓடுகிற குழாய்க்கு அவர்களே கட்டுப் போட்டுக்கொள்வார்கள். வால்வு, வளைவு, கிணற்றின் வாய் இதற்கெல்லாம் அடிக்கடி கழற்றி மாட்டுகிற மாதிரி உறை வேண்டும். வெளியே கண்ணாடித் துணி, உள்ளே தீப்பிடிக்காத பஞ்சு, நடுநடுவே தையல், ஓரத்தில் பட்டையும் பக்கிளும். அதுதான் நாங்கள் தைத்த ஜாக்கெட். வேலூர் வெயிலில் பிறந்து, வெயிலிலேயே காய்ந்தவர்களைக் கூப்பிட்டு, சூடு வெளியே போகாமல் பாத்துக்குங்க என்று சொன்னால் சிரிப்பு வருமா வராதா? எங்களுக்கும் வந்தது. முதல் நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் சிரித்தோம். மறுநாள் பஞ்சு தூள் பட்டுக் கையெல்லாம் அரித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அண்ணியைச் சேர்க்காமல் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு நம்பர். தைத்தவள் நம்பர் தகட்டில் பொறித்து ஜாக்கெட்டிலேயே கோத்துவிடுவார்கள். என் நம்பர் ஏழு. அண்ணி நம்பர் ஒன்று, ஏனென்றால் அவர்தான் செக்கர். பன்னிரண்டு பேர் தைத்ததும் அவர் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். அளவு டேப்பை அவர் அதிகம் எடுக்க மாட்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தையலைப் பிடித்துப் பார்ப்பார். அந்த இரண்டு விரலுக்கு ஷூ கம்பெனியிலேயே பேர் இருந்தது.

முதல் பெட்டிக்கான ஜாக்கெட்டுகளைத் தைத்து மேஜை மேல் அடுக்கியிருந்தோம். முதலாளி வந்தார். சென்னைப் பக்கத்து ஆள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஒரே ஒரு ஆர்டரை நம்பி ஷெட்டைத் திறந்துவிட்டுத் தூக்கம் வராமல் திரிகிற ஆள். ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். மூஞ்சி சுளித்தது.

"இன்னாமா இது, தலகாணி மாதிரி? போட்டோ எடுத்து அனுப்பணும் இத. நீங்கல்லாம் ஷூ தச்ச கைதானே? ஃபினிஷிங் வேணாமா? தட்டுங்க. நல்லாத் தட்டிப் படிய வையுங்க."

அண்ணி மட்டும் எழுந்தார். "சார், தட்டினா உள்ள இருக்கற பஞ்சு செத்துடும் சார். பஞ்சுக்குள்ள காத்து இருந்தாதான் சூடு தங்கும். படுத்துப் படுத்துத் தட்டையாப் போன மெத்தையில குளிரு ஏறுதில்ல, அந்த மாதிரி."

"நீ எஞ்சினியரா? செக்கிங் மட்டும் பாரு" என்றார் அவர்.

அப்போது நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அண்ணியைப் பார்த்து, எல்லார் முன்னாலும் சிரித்தேன். பையிலிருந்து என் பழைய சுத்தியலை எடுத்தேன், அதை நான் ஷூ கம்பெனியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தேன். ஒரு ஜாக்கெட்டின் தையல் முழுவதையும் தட்டிக் காட்டினேன். கோடு போட்ட மாதிரி படிந்தது. "பாருங்க, இதான் வேலை" என்று முதலாளி அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அன்றிலிருந்து தட்டுவதில் ஏழாம் நம்பர்தான் ராணி. முதலாளி பக்கத்திலேயே நிற்க, தட்டிய ஜாக்கெட்டுகளை அண்ணி வாங்கி, நீளம் சரி, அகலம் சரி என்று சரிபார்த்துத் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார். கடைசி வாரம் வேலை நெருக்கியபோது கிணற்று வாய்க்கான ஆறு ஜாக்கெட்டுகளை அவரே மிஷினில் உட்கார்ந்து தைத்தார். அதை அவர் தட்டவில்லை. அவசரத்தில் யாரும் கவனிக்கவும் இல்லை.

பெட்டிகள் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை முதலாளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார். அங்கே எண்ணெய் வயலில் சூடு அளக்கிற கேமராவால் ஜாக்கெட்டுகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். தையல் இருக்கிற இடமெல்லாம் சூடு ஒழுகுகிறதாம்.

"யாரு செக் பண்ணது?" என்று கேட்டார். ஊருக்கே தெரியும் யார் என்று.

அண்ணி நிமிர்ந்து நின்றார். "தட்டச் சொன்னது நீங்க சார். வேணாம்னு நான் சொன்னேன்."

"நான் எப்பச் சொன்னேன்? ஃபினிஷிங் நல்லா இருக்கணும்னு சொன்னேன். சுத்தியால அடின்னா சொன்னேன்? யாராவது கேட்டீங்களா?"

பன்னிரண்டு பேரையும் வரிசையாகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் அந்தப் பார்வை கொஞ்சம் நின்றது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் சொன்ன வார்த்தை, தலகாணி என்றது, நல்லாத் தட்டு என்றது, எல்லாம். ஆனால் ஆமாம் சார், நீங்கதான் சொன்னீங்க என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்ன? தட்டினது யாரு? ராணி நான்தானே! பாபினில் நூல் தீர்ந்துபோனவள் மாதிரி குனிந்துகொண்டேன். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

"செக்கர் ஒழுங்கா இருந்தா இது வெளிய போயிருக்காது. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார்.

அண்ணி தன் கத்தரிக்கோலை எடுத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்தார். கம்பெனி வேன் சாயங்காலம்தான். வெயிலில் ஹைவே வரைக்கும் நடந்துபோய் பஸ் பிடித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நான் மீதித் தையலை ஓட்டினேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த கோபத்தைப் போல் வேறு யார் மேலும் எனக்கு வந்ததில்லை. அதையும் என்னால் ஒழுங்காகப் படமுடியவில்லை. சாயங்காலம் அண்ணன் வாசலில் நின்று, "இன்னா ஆச்சு, உங்க அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்று கேட்டபோது, "கோவத்துல வந்துட்டாங்கண்ணா" என்றேன். கோபத்தில் வந்தாராம்! எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அண்ணி சும்மா உட்காரவில்லை. ஆம்பூரில் இரண்டு ஷூ கம்பெனி கேட்டுக்குப் போனார். இந்தப் பக்கத்துச் சூப்பர்வைசர்களுக்கு வாட்சப்பில் ஒரு குரூப் இருக்கிறது. ரிஜெக்ட் பீஸை விட்ட செக்கர் என்று அதில் யாரோ போட்டுவிட்டார்கள். கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு செக்கருக்கு இதைவிடக் கேவலம் வேறு இல்லை. இருபது வருஷம் அந்த இரண்டு விரலால் சம்பாதித்த பேர் அது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாத்திரம் தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்கும். குழம்பு வைத்தால் கிண்ணத்தில் வாங்குவதும் கொடுப்பதும் எப்போதும் உண்டு. அவர் அதை நிறுத்தவில்லை, கிண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. "எடுத்துக்கோ" என்ற ஒரு வார்த்தை மட்டும் கிண்ணத்தோடு வரவில்லை.

அடுத்த மாதம் முதலாளி என்னை வடக்கே கூட்டிப்போனார். அங்கேயே உட்கார்ந்து ஜாக்கெட்டுகளைப் பிரித்து, புதுப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார்களாம். வேகமான கை என்று என்னைத் தேர்ந்தெடுத்தார். கட்டிங் மாஸ்டரும் அவர் சம்சாரமும் துணைக்கு வந்தார்கள். காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

எண்ணெய் வயல் என்றதும் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். ஆமணக்குக் காடு, நடுவில் வேலி போட்ட சதுரம், அதற்குள் இடுப்பு உயரத்தில் நிறைய வால்வுகளோடு ஒரு இரும்புத் தண்டு. அதுதான் கிணறு. தூரத்திலிருந்து வெள்ளிக் குழாய் தரையோடு ஓடிவந்து அதில் சேர்கிறது. வால்வுகள் எல்லாம் எங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. என் ஏழாம் நம்பர் ஜாக்கெட் ஒன்றைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது, அவ்வளவு அழகான தையல். பக்கத்தில் போய்த் தையல் மேல் உள்ளங்கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே சுட்டது.

அங்கே இருந்த எஞ்சினியர் சின்ன வயசு. கேமராவில் எங்களுக்குக் காட்டினார். ஜாக்கெட்டின் உடம்பு நீலமாக இருந்தது. தையல் ஓடுகிற இடமெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு கோடாக எரிந்தது. நான் தட்டிய ஒவ்வொரு தட்டும் அதில் தெரிந்தது. பாய்லரில் எரித்த சூடெல்லாம் என் அழகான தையல் வழியாக ஆமணக்குக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவர் கேமராவைக் கிணற்று வாய்ப் பக்கம் திருப்பினார். அங்கே இருந்த ஜாக்கெட் முழுக்க நீலம். ஒரு கோடு இல்லை. குனிந்து தகட்டைத் துடைத்துப் பார்த்தார். நம்பர் ஒன்று.

எஞ்சினியர் முதலாளியிடம் இந்தியில் கேட்டார், இதைத் தைத்தது யார், எல்லாம் இந்த மாதிரி இருந்தால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லையே என்று. முதலாளி என்னைக் கை காட்டினார். இந்தப் பெண்தான் தைத்தாள், மற்றதையெல்லாம் கெடுத்த செக்கரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன் என்றார். அதுவும் இந்தியில்தான். நாட்டுப்புறத்துப் பொம்பளைக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம்.

அவருக்கு ஒன்று தெரியாது. பதினைந்து வருஷம் என் பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஆம்பூர் முஸ்லிம் அக்கா, அந்தப் பக்கம் ஒரு ஆம்பூர் முஸ்லிம் அக்கா. டிபன் டப்பாவைத் திறந்தால் பிரியாணி வாசனையோடு உருதும் வரும். சண்டை போடவே எனக்குத் தமிழைவிட அது வசதி.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியை அனுப்பினது போதாது என்று அவர் கை வேலையையும் பிடுங்கி என் தலையில் கிரீடமாக வைக்கிறாரே இந்த ஆள்! அதுவும் எனக்கு! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சரிதான், ஆனால் ஆண்டியின் கோவணத்தையுமா உருவுவது?

"யே மை நை சியீ சாப், மேரி பாபீ சியீ" என்றேன். இதை நான் தைக்கவில்லை, என் அண்ணி தைத்தது. எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. அந்தக் கெட்டுப்போனதுதான் நான் தைத்தது என்றேன், சுத்தியலால் அடிக்கச் சொன்னது இவர், அடித்தது நான், வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆளை இவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்றேன். ஆம்பூர் உருது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, சுத்தியல் புரிந்தது. கையால் அடித்துக் காட்டினேனே.

முதலாளி முகம் வெளுத்துப்போனது. எஞ்சினியர் அவரிடம் நிதானமாகத்தான் பேசினார். அடுத்த லாட்டை அந்த அம்மா பார்த்து அனுப்பினால் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். நான்கு நாள் அங்கே வெயிலில் உட்கார்ந்து என் தையலை நானே பிரித்தேன். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொன்னால் திமிராக இருந்தேன்.

ஊருக்கு வந்ததும் அவர் அண்ணிக்குப் போன் போட்டிருக்கிறார், அண்ணி எடுக்கவில்லை. "நீ போய்க் கூட்டி வாமா" என்று என்னிடமே வந்தார். குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனேன். அண்ணி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். கேமரா, நீலம், நம்பர் ஒன்று, உருது. எஞ்சினியர் மாதிரி பேசிக் காட்டினேன், முதலாளி மூஞ்சி எப்படிப் போனது என்று செய்து காட்டினேன். அண்ணி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அங்க உருதுல சொன்னியே, அத இங்க தமிழ்ல சொல்ல உனுக்கு இன்னா கேடு வந்துச்சு?" என்று கேட்டார்.

நான் முறத்திலிருந்து ஒரு கீரைக் காம்பை எடுத்துக் கிள்ளினேன்.

"யாரோ ஒரு எஞ்சினியரு முன்னாடி சொல்லிட்டு வந்து எங்கிட்ட ஆடிக் காட்டுற. நம்ம பொம்பளைங்க பன்னெண்டு பேரு முன்னாடி நான் பொய் சொன்னவளா நின்னேன். உங்க அண்ணங்கிட்டயும் நான் கோவத்துல வந்துட்டேன்னு சொல்லி வச்சிருக்க. அந்த ஆளு மேல எனக்குக் கோவமே கிடையாது. அவன் யாரு, நான் யாரு? நீ என்னைப் பாத்து சிரிச்ச பாரு, அதுதான்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். "வர்றேன், எனுக்கு வேலை வேணும். ஆனா அவரு வந்து மன்னிப்புலாம் கேக்க வேணாம். நீ சொல்லு. எல்லாரும் இருக்கும்போது, மிஷினு நிறுத்திட்டு, நீ சொல்லு. முதல்ல உங்க அண்ணங்கிட்ட சொல்லு."

அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் லோடு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். மறுநாள் காலை ஷெட்டில் மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். பன்னிரண்டு மிஷினும் நின்றது. வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். அண்ணி சாப்பாட்டுப் பையோடு அவருக்குப் பின்னால் நின்றார். தட்டச் சொன்னது சார், அண்ணி வேண்டாம் என்றார்கள், நான் சிரித்தேன், நான் தட்டினேன், கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். உருதில் வந்த மாதிரி வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துத்தான் வெளியே போட வேண்டியிருந்தது. "நாங்களுந்தான் சும்மா இருந்தோம்" என்று பின் வரிசையில் ஒருத்தி சொன்னாள். "சரி சரி, வேலையப் பாருங்க" என்றார் முதலாளி. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது.

மெயின் சுவிட்சை மறுபடி போட்டேன். அண்ணி தன் மேஜைக்குப் போனார், பையை மாட்டினார், விளக்கைப் போட்டார். நானும் உட்கார்ந்தேன். மனசு லேசாகிவிட்டது. எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்ட மாதிரி கை பறந்தது. மத்தியானத்துக்குள் முதல் ஜாக்கெட்டை முடித்து நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணி தையலை இரண்டு விரலால் பிடித்தார். கொஞ்சம் நகர்த்தி இன்னொரு இடத்தில் பிடித்தார். ஜாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

"தட்டியிருக்க. பிரி."

"ஐயோ, நான் தட்டல அண்ணி, சத்தியமா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சுத்தியல் கையில் இருந்தது.